தண்ணீருக்கு முன்னால் ஏறிய கோடு

பூசையில் ஒரு கட்டம் வரும். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்பார் பாதிரியார். பக்கத்தில் இருப்பவன் ஜென்ம விரோதியானாலும் கை நீட்டித்தான் ஆகவேண்டும். நான் மெதடிஸ்ட் சபைக்காரன், ஆனாலும் கத்தோலிக்கர்களிடம் எனக்குப் பிடித்த வழக்கம் இதுதான்.

கோத்தா திங்கிக்குக் கீழே, கட்டப்பாலத் தோட்டத்து மேட்டுக் கோவிலில் அன்று அந்தக் கட்டம் வந்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்த மரியநாதன் வலது பக்கம் திரும்பிக் கை நீட்டினார். அங்கிருந்த ஆள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். இடது பக்கம் நீட்டினார். அந்த அம்மாள் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினாள். பின்னால் திரும்பினார். ஒரு பெஞ்ச் முழுக்கக் கண்ணை மூடி ஜெபம் செய்தது. அவ்வளவு பக்தியை அந்தக் கோவில் அதற்கு முன் பார்த்திருக்காது. மரியநாதன் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றுவிட்டு, அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாத்தீங்கல்ல மேடம்?" என்றாள் கடைசி பெஞ்சில் எங்கள் பக்கத்தில் இருந்த அவருடைய மகள் ஜெரால்டின். "மழைக்காலம் முடிஞ்சதிலேர்ந்து இப்படித்தான்."

அவள் மேடம் என்றது மீனாள் ஆச்சியை. ஆச்சி என்றதும் நரைத்த தலையைக் கற்பனை செய்ய வேண்டாம். செட்டியார் வீட்டு வழக்கத்தில் கல்யாணமான எல்லாரும் ஆச்சிதான். வயது ஐம்பதைத் தொடவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்த் தீ, பொய்த் திருட்டு, பொய் வெள்ளம் எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து, கடைசியில் முதலாளியின் பொய்யையே பிடித்ததால் வேலை போனது. இப்போது செடெனாக்கில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் துப்பறியும் நிலையம். ஆச்சி யோசிப்பார். நான் கால்வின். கார் ஓட்டுவேன், போட்டோ எடுப்பேன், மிச்ச நேரமெல்லாம் பேசுவேன்.

பூசை முடிந்து வெளியே மரத்தடியில் ஜெரால்டின் வெள்ளம் பற்றித் தோட்டக் கம்பெனி தந்த அறிக்கையை நீட்டினாள்.

"அப்பாவுக்கு என்ன வேலை?" என்றார் ஆச்சி.

"ஆத்தோரம் அளவுக் கோல் இருக்கு. தண்ணி ஏறுதான்னு பாத்து சைரன் ஊதணும். அன்னிக்கு ஊதறதுக்குள்ள கீழ்லயத்து வீடெல்லாம் முழுகிப் போச்சு. அங்கம்மா அக்கா வீட்டுக்குள்ளயே…" அவள் முடிக்கவில்லை.

"ஆத்துக்கு மேல கம்பெனியோட நீர்த்தேக்கம் இருக்குல்ல?"

"ரெண்டு மணிக்கு மதகைத் திறந்தோம்னு அவங்களே ஒத்துக்கிறாங்க. ஆனா இதைப் பாருங்க."

அறிக்கையில் ஒரு படம். ஆற்று மட்டத்தைக் காட்டும் நீலக் கோடு, வழவழவென்று. பகல் பன்னிரண்டு மணிக்கே மெல்லத் தலை தூக்கி, நிதானமாக ஏறிக்கொண்டே போனது.

"மதகு திறக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஆறு ஏற ஆரம்பிச்சிருச்சு, அப்ப மதகு காரணமில்ல, மழைதான்னு கம்பெனி சொல்லுது. ரெண்டு மணி நேரமா ஏறுற தண்ணியைப் பாக்காத வாட்ச்மேன்தான் குத்தவாளியாம். அப்பா சத்தியம் பண்றாரு, ஒரு மணிக்குக் கோலைப் பாத்தேன், தண்ணி அசையவே இல்லன்னு. அங்க ஒரு பெட்டி கால் மணிக்கு ஒருதடவை தானா அளந்து அனுப்பும். அந்த அளவெல்லாம் வெள்ளத்துல போயிருச்சுன்னு கையை விரிக்கிறாங்க. மிச்சம் இந்தக் கோடுதான்."

"விசாரணை எப்ப?"

"செவ்வாக்கிழமை. அப்பா மேல தப்புன்னு முடிவானா போலீஸ் கேஸ்தான், மேடம். இந்த வயசுல உள்ள போய் உக்காருவாரா?"

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றேன் நான்.

"சிங்கப்பூர்ல. சும்மா ஆபீஸ் வேலை" என்று சொல்லிவிட்டு அப்பாவைத் தேடிப் போனாள்.

*

அங்கம்மாவின் புருஷன் சதாசிவம் மெயின் ரோட்டில் மோட்டர் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். பட்டறை வாசலில் சேறு காய்ந்த மோட்டர் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. மரியநாதன் என்ற பெயரைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பானரை அழுத்திப் பிடித்தார்.

"அந்தாளுக்காக வந்தீங்கன்னா நடையைக் கட்டுங்க."

"மோட்டருக்காக வந்தோம் அண்ணே" என்றார் ஆச்சி. "இதெல்லாம் யாரோடது?"

"கீழ்லயத்து மோட்டருங்க. வெள்ளத்துல முழுகினது. இன்னும் பாதிதான் முடிச்சிருக்கேன்."

"மொத்த லயத்து மோட்டருமா?"

"ஒண்ணு விடாம."

"கோவில் மேடு பக்கத்துலதானே இருக்கு?"

சதாசிவம் மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்க பக்கம் வெள்ளம் புதுசில்லம்மா" என்றார் அவர் மெதுவாக. "காண்டா வாய்க்கால்ல தண்ணி நிறம் மாறினாலே போதும், ஆம்பளைங்க முதல்ல மோட்டரைத்தான் கோவில் மேட்டுக்குத் தள்ளுவாங்க. இந்து, கிறிஸ்டியன், மலாய்க்காரன் எல்லாரும்தான். பாதரே பூசையை நிறுத்திட்டு இடம் ஒதுக்கிக் குடுப்பாரு. மோட்டர் போச்சுன்னா மறுநா வேலைக்கு எப்படிப் போறது?"

"அன்னிக்கு லீவு நாள்" என்றார் ஆச்சி. "எல்லாரும் வீட்டுல. ரெண்டு மணி நேரமா கொஞ்சங்கொஞ்சமா ஏறுன தண்ணியை வாட்ச்மேன் பாக்கல, சரி. லயத்துல ஒருத்தன்கூடவா பாக்கல?"

"பொண்டாட்டி கூப்பிட்டா காது கேக்காது" என்றேன் நான், "மோட்டர் நனையுதுன்னா செத்தவனும் எழுந்து ஓடுவான்."

பொண்டாட்டியை இழந்த மனிதனிடம் சொல்கிற ஜோக்கா அது? ஆச்சி என்னைப் பார்த்த பார்வையில் நாக்கு உள்ளே போனது. ஆனால் சதாசிவம் என்னைக் கவனிக்கவே இல்லை. வரிசையாக நின்ற மோட்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிச் சேறு துடைத்தவர், இதை யோசிக்கவில்லை.

"அப்ப திடீர்னுதான் வந்திருக்கு" என்றார்.

"அப்படித்தான் தோணுது."

"நான் டவுனுக்கு சாமான் வாங்கப் போயிருந்தேம்மா. திரும்பி வந்தப்ப முடிஞ்சிருச்சு." ஸ்பானரைக் கீழே போட்டார். "எனக்கு யாரையாவது திட்டணும். அந்தாளை விட்டா நான் யாரைப் போய்த் திட்டுவேன்?"

செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று மட்டும் ஆச்சி சொன்னார்.

*

ஆற்றங்கரைக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். ஆச்சி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். மோட்டர் சாட்சி நமக்குப் போதும், விசாரணையில் போதாது. சோம்பேறிகள் தள்ளாமல் விட்டார்கள் என்று கம்பெனி வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவான். நான் அறிக்கையைத் தண்ணீர்ப் பாட்டில்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கண்ணாடிக்கு வெளியே சில பேர் படகில் உட்கார்ந்து ஊடாங் காலா இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்.

"ஆச்சி, இதுல ஒண்ணு சரியில்ல."

"குழம்புலயா?"

"கோட்டுல. வெள்ளத்துக்கு முந்தின ரெண்டு மூணு நாளும் படத்துல இருக்கு பாருங்க. இந்த ஆத்துல கடல் தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி இறங்கும். அந்த நேரம் பாத்துத்தான் இறால்காரன் தூண்டில் போடுவான். இந்தக் கோட்டை நம்பி நான் படகு எடுத்தா பட்டினிதான். ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல, தேமேன்னு படுத்துக் கிடக்கு."

ஆச்சி படத்தைப் பிடுங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கு உரச உரசப் பார்த்தார்.

"இருக்குடா. லேசா, ரொம்ப லேசா. யாரோ மேல உக்காந்து அமுக்கின மாதிரி."

"கடலையே அமுக்கியிருக்கானா? பெரிய ஆளுதான்."

ஆச்சி தன் தட்டிலிருந்த கோழித் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். எத்தனையோ வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அது.

"எழுந்திரு. ஸ்கூடாய்க்குப் போறோம்."

*

ஸ்கூடாயில் ஆச்சியின் அண்ணன் மகள் வைஷ்ணவி பல்கலைக்கழகத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இஸ்திரி போட்டிருக்காங்க அத்தை" என்றாள்.

"எங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லு. கால்வினுக்கும்."

"பெட்டி அளந்தது வெறும் புள்ளிங்க. புள்ளிக்கு நடுவுல கோடு எப்படி வேணாலும் போகலாம். ஒரு கோட்டை முழுசாச் சொல்லணும்னா ஒவ்வொரு கணமும் அது எங்க இருக்குன்னு சொல்லணும், கணத்துக்கு முடிவே கிடையாது. அதனால நாங்க கோடு தேடுற இடமே முடிவில்லாத இடம். அங்க போய், ‘புள்ளிக்குப் பக்கமா வர்ற கோடு யாரு?’ன்னு மட்டும் கேட்டா, நான் நீன்னு எண்ண முடியாத அளவுக்குக் கோடுங்க கையைத் தூக்கும்."

"இலவச சாப்பாடுன்னு சொன்ன மாதிரி" என்றேன்.

"அதேதான் லா. அதனால ரெண்டாவது நிபந்தனை ஒண்ணு வைப்போம். புள்ளியை விட்டு எவ்வளவு விலகுதோ அதை வர்க்கம் பண்ணிக் கூட்டு. எவ்வளவு வளையுதோ அதையும் வர்க்கம் பண்ணி, ஒரு எண்ணால பெருக்கிக் கூட்டு. மொத்தம் எதுக்குக் குறைச்சலோ அந்தக் கோடு ஜெயிச்சது. அந்த எண்தான் வளைவுக்கு நாங்க போடுற அபராதம். லாம்டான்னு பேரு. அபராதம் கம்மின்னா கோடு புள்ளிக்குப் புள்ளி குதிக்கும். அதிகம்னா பயந்துபோய் நேராப் படுத்துக்கும்."

"திடீர்னு ஒரு குதி குதிக்கணும்னா?" என்றார் ஆச்சி. அவர் குரல் மாறியிருந்தது.

"அங்க ரொம்ப வளையணுமே, அபராதம் எகிறுமே. அதனால முன்னாடியே கொஞ்சங்கொஞ்சமா ஏற ஆரம்பிச்சு, பின்னாடி நிதானமா முடிக்கும். இந்தக் கோடு எல்லாப் புள்ளியையும் மொத்தமாப் பாத்துப் போடுறது அத்தை. ரெண்டு மணிக்கு நடக்கப்போறது பன்னெண்டு மணிக்கே அதுக்குத் தெரியும்."

"அலமாக்! அப்ப அதுகிட்ட லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டிருக்கலாமே. நானும் வாரா வாரம் எடுத்துத் தோக்கிறேன்."

ஆச்சி சிரிக்கவில்லை. "முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்னு ஒரு மனுஷனைக் குத்தவாளி ஆக்குறாங்க. முன்கூட்டியே தெரிஞ்சது இந்தக் கோட்டுக்கு மட்டும்தான்" என்றார்.

"போட்ட இஸ்திரியைப் பிரிக்க முடியுமா?" என்றேன்.

"துணிக்கு முடியாது, கோட்டுக்கு முடியும். எவ்வளவு அமுக்கினாங்கன்னு தெரியணும். அதுக்குத்தான் கடலைக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கீங்களே. நிஜத்துல ஏத்தம் எவ்வளவுன்னு அட்டவணை இருக்கு, யார் வேணா பாக்கலாம். இந்தக் கோட்டுல அது பத்துல ஒரு பங்கா சுருங்கியிருக்கு. சுருங்கின அளவை வச்சு அந்த எண்ணைப் பிடிச்சிரலாம், எண் கிடைச்சா பின்னாடியே நடந்து பழைய புள்ளிக்குப் போயிரலாம்." அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு அளவு? அறிக்கையில போடவே இல்லையே."

"கால் மணிக்கு ஒண்ணு" என்றேன் நான் பெருமையாக.

ஆச்சி சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

காப்பி குடித்து முடிப்பதற்குள் திரையில் புதுக் கோடு வந்தது. அங்கங்கே கரகரப்பு. பழைய நாட்களில் கடல் ஏறியது, இறங்கியது. என் இறால்கள் திரும்பி வந்தன. வெள்ளத்தன்று பன்னிரண்டு மணிக்கு ஆறு சும்மா இருந்தது. ஒரு மணிக்கும் சும்மா இருந்தது. இரண்டு மணி தாண்டியதும் சுவர் மாதிரி ஒரே நிமிர்வு.

நான் கைதட்டினேன். வைஷ்ணவி தட்டவில்லை.

"அத்தை, இது என் கணக்கு. நான் நம்புறேன். கம்பெனி வக்கீல் என்ன சொல்வான் தெரியுமா? முடிவில்லாத கோடுங்கள்ல இந்தம்மாவுக்குப் பிடிச்ச கோட்டைக் கொண்டாந்திருக்காங்கம்பான். முதல் கோட்டைப் போட்டவங்களே வந்து, ‘ஆமா, நான்தான் அமுக்கினேன், இவ்வளவு அமுக்கினேன்’னு சொன்னாத்தான் நிக்கும்."



*

செவ்வாய்க்கிழமை காலை மரியநாதனின் லயத்து வீட்டுக்குப் போனோம். பலகை வீடு. உள்ளே அவர் விசாரணைக்காக வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆச்சி அவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்தார். வாசலில் ஜெரால்டின் காத்திருந்தாள்.

"கோட்டை உடைச்சுட்டோம்" என்றார் ஆச்சி.

அவள் முகம் மலர்ந்தது. அது நடிப்பில்லை, நான் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. அந்தப் பெட்டி கால் மணிக்கு ஒருதடவை அளக்கும்னு உனக்கு யார் சொன்னா?"

"அப்பாதான்… சொன்னாரு."

"இப்பத்தான் கேட்டேன். பெட்டி எப்ப அளக்கும்னே அவருக்குத் தெரியாது. அவர் கோலைக் கண்ணால பாக்கிறவர். அறிக்கையில இல்ல. கம்பெனி வாயைத் திறக்கல. அந்தப் புள்ளிங்களைக் கையில வச்சிருந்தவங்களுக்குத்தான் அது தெரியும்."

உள்ளே இஸ்திரிப் பெட்டி மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஜெரால்டின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாயில் ஒரு ஜோக் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"எங்க சிங்கப்பூர் ஆபீசுக்கு வெறும் நம்பரைத்தான் அனுப்பினாங்க மேடம்" என்றாள். "ஊர்ப் பேர் இல்ல, ஆத்துப் பேர் இல்ல, ஸ்டேஷன் நம்பர் மட்டும். நான் முதல்ல போட்ட கோட்டுல ரெண்டு மணிக்கு ஒரே தாவு இருந்துச்சு. பாஸ் பாத்துட்டு, ‘இது பெட்டியோட கோளாறு, டைரக்டர்ங்ககிட்ட இப்படிப் பல்லுப் பல்லா காட்ட முடியாது, வழவழன்னு போடு’ன்னாரு. போட்டேன். ‘இன்னும்’னாரு. இன்னும் போட்டேன்."

"எதுவரைக்கும்?"

"அவர் அழகா இருக்குன்னு சொல்ற வரைக்கும்."

"அந்தப் புள்ளிங்க?"

"வேலை முடிஞ்சதும் அழிக்கச் சொன்னாங்க. அழிச்சுட்டேன். அப்ப எனக்கு அது யாரோ ஒரு ஆறு. அப்பா இந்த அறிக்கையை என் கையில குடுத்து, ‘நீ படிச்ச பொண்ணு, என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு’ன்னாரு. பிரிச்சுப் பாத்தேன். என் கோடு."

"எங்களை எதுக்குக் கூப்பிட்ட?"

"கோட்டை உடைப்பீங்கன்னு நம்பினேன். யார் போட்டாங்கன்னு கேக்க மாட்டீங்கன்னும் நம்பினேன்."

"இன்னிக்கு நீ வந்து சொல்லணும், ஜெரால்டின்."

"வெளிய பேசமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். வேலை போயிரும், பெர்மிட் போயிரும், கேஸ் போடுவாங்க. வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். என் பையன் ஜேடன் இப்பத்தான் பள்ளிக்கூடமே சேர்ந்திருக்கான்."

"நீ சொல்லலைன்னா வைஷ்ணவி போட்ட கோடு முடிவில்லாத கோடுங்கள்ல ஒண்ணு. நீ சொன்னா அதுதான் ஆறு."

ஜெரால்டின் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளிருந்தே, "சொல்றேன்" என்றாள். அந்த வார்த்தை எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மரியநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். காலர் விறைப்பாக இருந்தது. "நேரமாச்சும்மா, போலாமா?" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை. அந்த லயத்துப் பலகைச் சுவரில் பக்கத்து வீட்டுக்காரன் தும்மினாலே கேட்கும். அதை நான் அப்போது யோசித்திருக்க வேண்டும்.

*

விசாரணை தோட்டத்து டேவான் மண்டபத்தில் நடந்தது. சதாசிவம் வந்திருந்தார். நேராக நடந்து வந்து, யாரும் உட்காராத இடமான மரியநாதன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மண்டபம் முழுக்க அதைப் பார்த்தது. ஜெரால்டின் கடைசி வரிசையில் கைப்பையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

ஆச்சி பேசினார். மோட்டர்களைச் சொன்னார், காணாமல்போன கடலைச் சொன்னார், வைஷ்ணவியின் கோட்டைக் காட்டினார். விசாரணைத் தலைவர் முன்னால் சாய்ந்து கவனமாகக் கேட்டார். கம்பெனி வக்கீல் எழுந்து, வைஷ்ணவி சொன்னதையே மலாயில் சொன்னான்: கோடுகள் எண்ணற்றவை, இது அவற்றில் ஒன்று, எவ்வளவு அமுக்கப்பட்டது என்பது இவர்களுடைய ஊகம்.

தலைவர் கேட்டார்: "அறிக்கையிலுள்ள கோட்டை வரைந்தவர் யார்? இங்கே இருக்கிறாரா?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஜெரால்டின் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள்.

அவளுக்கு முன்னால் மரியநாதன் முழுசாக எழுந்துவிட்டார்.

"துவான்" என்றார். "சாயா தெர்தீடோர்."

ஐயா, நான் தூங்கிவிட்டேன் என்கிறார், மலாயில். தலைவர் புரியாமல் மறுபடி கேட்டார். கிழவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், தூங்கிவிட்டேன், கோலைப் பார்க்கவே இல்லை, தண்ணீர் எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது, கோடு சரிதான். ஒவ்வொன்றாக, மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி சொன்னார்.

பாதி எழுந்த ஜெரால்டின் அப்படியே நின்றாள். இப்போது பேசு, பேசித் தொலை என்று என் மனம் கத்தியது. அவள் மெல்ல, சத்தமே வராமல் உட்கார்ந்தாள்.

வக்கீல் பைலை மூடினான். சதாசிவம் எழுந்து மரியநாதனையே பார்த்தார். "உங்களை நம்பி வந்து பக்கத்துல உக்காந்தேனேய்யா" என்றார். நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

வாசலில் நான் கிழவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு வயது மரியாதையெல்லாம் ஞாபகமில்லை.

"எதுக்கு அங்கிள் பொய் சொன்னீங்க? கேஸ் நம்ம கையில இருந்துச்சு!"

"எனக்கென்னப்பா, இன்னும் எத்தனை நாளு? அவளுக்குப் பிள்ளை இருக்கு."

"அங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது?" என்று ஆச்சி கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "மதகைத் திறந்தவன் இன்னிக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிடுவான். அடுத்த மழைக்கும் திறப்பான். அதுக்கும் நீங்கதான் தூங்கினீங்களா?"

மரியநாதன் இஸ்திரி போட்ட காலரை விரலால் நெகிழ்த்திவிட்டுக்கொண்டு நடந்து போனார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சி மறுபடி மேட்டுக் கோவிலுக்கு வண்டியை விடச் சொன்னார். ஜெரால்டினைக் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டுமாம். போலீஸ் கேஸ் பதிவாகிவிட்டது, ஆனால் அவள் வாயைத் திறந்தால் இன்னும் திருப்பலாம் என்றார். நடக்காது என்றேன். நடக்காது என்று அவருக்கும் தெரியும்.

மரியநாதன் அதே மூன்றாவது பெஞ்சில் இருந்தார். இந்தமுறை அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக விட்டிருந்தார்கள். ஜெரால்டின் பிந்தி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சமாதானம் சொல்லும் கட்டம் வந்தது. கோவில் முழுக்க ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். மரியநாதன் இந்தமுறை யாரிடமும் திரும்பவில்லை. கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். ஜெரால்டின்தான் நீட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டார். அவள் தோள் குலுங்கக் குலுங்க அழ ஆரம்பித்தாள். முன்வரிசைத் தலைகள் திரும்பின.

கிழவர் குனிந்து அவள் காதருகே சொன்னது எங்கள் பெஞ்சுவரை கேட்டது.

"அழாதம்மா. யாராவது பாத்து, ஏன்னு கேட்டுடப் போறாங்க."

கேட்க வந்ததைக் கேட்காமலே ஆச்சி எழுந்து வெளியே போய்விட்டார். நானும் போனேன்.